நாலு வயதில் தொடங்கிய வேலை: ஸ்ரீதேவி பற்றி வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, குழந்தையாகத் திரைக்கு வந்து கடைசிவரை நின்றவர்களில் ஸ்ரீதேவியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மேஜையை நிறைத்துவிட்டன. அதனால் இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

சாத்தூர் வாசகி: ஸ்ரீதேவி நம்ம பக்கத்துப் பெண் என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். அவர் எத்தனை வயதில் நடிக்க வந்தார்? முதல் படம் எது?

அம்மா சொல்வது சரிதான். சிவகாசிக்குப் பக்கத்தில் மீனம்பட்டி. பிறந்தது 1963 ஆகஸ்ட் 13. அப்பா அய்யப்பன் வக்கீல், அம்மா ராஜேஸ்வரி தெலுங்குக்காரர், ஆகவே பேசக் கற்கும்போதே காதில் இரண்டு மொழி விழுந்திருக்கிறது. 1967-ல் வந்த ‘கந்தன் கருணை’யில் சின்னஞ்சிறு குழந்தையாகத் தலைகாட்டினார். ஊர் பார்த்துப் பேசியது 1969-ல் வந்த ‘துணைவன்’ படத்துக்கு அப்புறம். சின்னப்பா தேவர் தயாரிப்பு. முருகா என்று சொல்லாமல் ஒரு வேலையையும் தொடங்காதவர் தேவர். அவருடைய படத்தில் அந்த முருகனாகவே வந்து நின்றது இந்தப் பெண் குழந்தை. அதே வருஷம் மலையாளத்தில் ‘குமார சம்பவம்’, அதிலும் சுப்பிரமணியர் வேஷம்தான். அப்புறம் ‘நம் நாடு’ படத்தில் எம்.ஜி.ஆரோடு, ‘பாபு’வில் சிவாஜியோடு. 1971-ல் ‘பூம்பாட்டா’ என்ற மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது வாங்கும்போது வயது எட்டு.

‘பாபு’ கிடைத்தால் மறுபடி ஒருமுறை பாருங்கள். சிவாஜி ரிக்‌ஷாக்காரராக வருவார். அவர் ஒரு காட்சிக்குள் வந்துவிட்டால் நம் கண் வேறு எங்கும் போகாது, அது தெரிந்ததுதான். ஆனால் ஒரு தடவை வேண்டுமென்றே அவரை விட்டுவிட்டு அந்தக் குழந்தையை மட்டும் கவனியுங்கள். தன் வசனம் முடிந்ததும் பல குழந்தைகள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற அம்மாவைத் தேடுவார்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பது முகத்தில் தெரியும். இவர் எதிரில் பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பேசுவதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், கேட்பதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம்.

ஈரோடு வாசகர்: பேபி, மாஸ்டர் என்று பட்டம் போட்டுக்கொண்டு வந்த எத்தனையோ பேர் வளர்ந்ததும் காணாமல் போனார்கள். இவர் மட்டும் எப்படித் தப்பித்தார்?

தப்பித்தார் என்ற உங்கள் வார்த்தையே யோசிக்க வைக்கிறது.

பொதுவாக என்ன நடக்கும் என்றால், பத்து பதினொரு வயது வந்ததும் வாய்ப்பு நின்றுவிடும். குழந்தை வேஷத்துக்கு உயரம் அதிகம், பெரியவர் வேஷத்துக்கு முகம் சின்னது. ஐந்தாறு வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஐந்தாறு வருஷத்தில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மீதி வாழ்க்கை இருக்கிறது. கமல்ஹாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’, 1963-ல் ‘ஆனந்த ஜோதி’, அதற்குப் பிறகு பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் டி.கே.சண்முகத்தின் நாடகக் குழுவுக்குப் போனார், நடனம் கற்றார், தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தொழில் இருந்தது. குழந்தை நட்சத்திரம் என்ற பழைய பெயரைச் சொல்லி வாய்ப்புக் கேட்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. 1975-ல் ‘ஜூலி’ என்ற இந்திப் படத்தில் லட்சுமிக்குத் தங்கை. அடுத்த வருஷமே, 1976 அக்டோபரில், பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ வந்துவிட்டது. கமல், ரஜினி, நடுவில் பதின்மூன்று வயதுப் பெண். கதைப்படி அந்தப் பெண் ரஜினியின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவருக்கே சித்தியாகி அதே வீட்டுக்குள் வருகிறாள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்க வேண்டிய வயது. புடவையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி நிதானமாக, தன்னைத் துன்புறுத்தியவனைக் கண்ணாலேயே நிறுத்தி வைக்கிறார். வயதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தபோது அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தெரிந்த பிறகு பார்த்தபோதும் நடிப்பு பிடித்தது, ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புங்களேன் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், அவர் அந்தப் பள்ளத்தில் விழவில்லை, ஏனென்றால் குழந்தைப் பருவத்திலிருந்து நேராகப் பெரியவர்கள் உலகத்துக்குள் அவரை நடத்திக் கொண்டுபோய்விட்டார்கள். அதைத் தாங்குகிற திறமை அவருக்கு இருந்தது. திறமை இருந்தது என்பதற்காக அது நல்ல காரியம் ஆகிவிடாது.

திருத்தணி வாசகர்: தெலுங்கில் என்.டி.ஆருக்குப் பேத்தியாக நடித்துவிட்டுப் பின்னாளில் அவருக்கே ஜோடியாக நடித்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1972-ல் ‘படி பந்துலு’ படத்தில் பேத்தி. 1979-ல் ‘வேட்டகாடு’ படத்தில் கதாநாயகி. இடையில் ஏழே வருஷம். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட முழுசாக ஆகியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதை ஒரு சுவாரசியத் துணுக்காகவே எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. நாயகனுக்கு வயது ஏறிக்கொண்டே போகும், நாயகி மட்டும் புதிதாக, சின்னவளாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வழக்கம் தென்னிந்திய சினிமாவில் அத்தனை மொழியிலும் இருந்தது. அந்த வழக்கத்துக்குள் ஒரு சின்னப் பெண் போய் நின்றாள். முடிவு எடுத்தவர்கள் பெரியவர்கள்.

மேட்டுப்பாளையம் வாசகி: ‘16 வயதினிலே’ மயிலா, ‘மூன்றாம் பிறை’ விஜியா? ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்!

ஒன்றைத்தான் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் இரண்டையும் கொஞ்சம் பேச விடுங்கள்.

மயில் 1977 செப்டம்பரில் வந்தாள். பாரதிராஜாவின் முதல் படம். படத்தின் பெயரில் பதினாறு வயது இருந்தாலும் நடித்தவருக்கு அப்போது பதினாலு. படித்து டீச்சராகப் போக வேண்டும், பட்டணத்து மாப்பிள்ளை வர வேண்டும் என்று கனவு காண்கிற கிராமத்துப் பெண். சப்பாணி என்று ஊரே கேலி செய்கிறவனைத் தானும் அலட்சியமாகப் பார்க்கிறவள். ஏமாந்து, அம்மாவை இழந்து, ஊர் கைவிட்ட பிறகு, தன் பக்கத்தில் மிச்சம் நிற்பது அவன் ஒருவன்தான் என்று அவளுக்குப் புரிகிற கட்டம் வருகிறது பாருங்கள், அங்கிருந்து ஸ்ரீதேவியின் குரலே மாறிவிடும். முன்பாதியில் துள்ளித் துள்ளி வந்த பேச்சு, பின்பாதியில் மெதுவாக, கொஞ்சம் தரையைப் பார்த்தபடி வரும். யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் சப்பென்று அறை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் தியேட்டர் சிரிக்கும், கைதட்டும். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வராது. அவனுக்குக் கற்றுக் கொடுக்கிற சாக்கில் தனக்கும் சேர்த்து யாரோ ஒருவர் அறைய வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

விஜி 1982 பிப்ரவரியில் வந்தாள். பாலு மகேந்திரா. விபத்தில் நினைவு தப்பிச் சின்னக் குழந்தை மனதுக்குப் போய்விட்ட இளம்பெண், அவளை ஊட்டிப் பக்கம் கேத்திக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றுகிற பள்ளிக்கூட வாத்தியார் சீனு. நாய்க்குட்டிக்குச் சுப்பிரமணி என்று பெயர். இங்கே ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது பெரியவர்களோடு பெரியவர்கள் வேலையைச் செய்தவர், பதின்மூன்று வயதில் சித்தி வேஷம் போட்டவர், பதினெட்டு வயதில்தான் முதன்முதலாகத் திரையில் ஒரு குழந்தையாக இருக்கிறார். அடம் பிடிக்கிறார், தரையில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறார், நாயோடு சரிக்குச் சமமாகச் சண்டை போடுகிறார். மழலையை நடிக்கப் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குரலைக் கீச்சென்று வைத்துக்கொள்வார்கள், பார்க்கிற நமக்குக் கூச்சமாக இருக்கும். இவர் குரலை மட்டும் நம்பவில்லை, உட்காருகிற விதத்தில், காலை நீட்டுகிற விதத்தில், ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதை மறந்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற விதத்தில் அந்த வயதைக் கொண்டுவந்தார்.

அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. மழை, சேறு, ரயில் நிலையம், கமல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறார். எல்லோரும் கமலைப் பற்றியே பேசுவோம், தேசிய விருதும் அவருக்குத்தான் வந்தது, தகும். ஆனால் அந்தக் காட்சி நிற்பது ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தில். அடையாளம் தெரியாத ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கிற, கொஞ்சம் இரக்கப்படுகிற, உடனே வேறு பக்கம் திரும்பிவிடுகிற முகம். அதில் துளி ஞாபகம் கலந்துவிட்டாலும் காட்சி போச்சு. இரண்டே கால் மணி நேரம் நாம் பார்த்த விஜியின் சாயல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார்.

‘16 வயதினிலே’ முடிவதும் ரயில் நிலையத்தில்தான். அதில் சிறைக்குப் போனவனுக்காக அவள் காத்துக்கொண்டு நிற்பாள். இதில் காத்திருந்தவனைத் தெரியாமலேயே ரயிலேறிப் போவாள். இரண்டிலும் எதிர்ப் பக்கத்தில் கமல். எனக்கு விஜிதான்.

நாகர்கோவில் வாசகர்: இந்திப் படங்களில் அவர் சொந்தக் குரலிலா பேசினார்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

ஆரம்பத்தில் இல்லை. 1979-ல் ‘16 வயதினிலே’யை பாரதிராஜாவே ‘சோல்வா சாவன்’ என்று இந்தியில் எடுத்தார், ஓடவில்லை. 1983-ல் ‘ஹிம்மத்வாலா’ வந்து ஒரே நாளில் வடநாடு முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. ஆனால் இந்தி அவருக்குச் சரளமாக வராது. அதனால் பல வருஷம் திரையில் முகம் அவருடையது, குரல் வேறு ஒருவருடையது. 1986-ல் வந்த ‘ஆக்ரி ராஸ்தா’வில் அவருக்காகக் குரல் கொடுத்தவர் நடிகை ரேகா. இன்னும் பல படங்களில் குரல் கொடுத்தவர் நாஸ்.

நாஸ் யார் தெரியுமா? பேபி நாஸ். 1954-ல் ராஜ் கபூர் தயாரித்த ‘பூட் பாலிஷ்’ படத்தில் அண்ணனோடு சேர்ந்து தெருவில் பிச்சை எடுக்கவும் பிறகு ஷூ பாலிஷ் போடவும் போகிற அந்தச் சின்னப் பெண். கான் திரைப்பட விழாவில் அந்தக் குழந்தையின் நடிப்பைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். உலகமே பாராட்டிய குழந்தை. ஆனால் வளர்ந்த பிறகு கதாநாயகி என்ற இடம் அவருக்கு அமையவில்லை. துணை வேஷங்கள், அப்புறம் டப்பிங். அந்த டப்பிங் அறையில், இருட்டில், மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னைப் போலவே குழந்தையாக வந்து, தனக்குக் கிடைக்காத இடத்தில் நிற்கிற இன்னொரு பெண்ணின் உதட்டசைவுக்கு அவர் வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தார். டப்பிங் பேசுகிறவர் வேலை என்ன? எதிரே ஓடுகிற முகம் எப்போது மூச்சு விடுகிறது, எப்போது எச்சில் விழுங்குகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானும் அதே இடத்தில் மூச்சு விட வேண்டும். ஸ்ரீதேவியின் முகத்தை அந்தக் காலத்தில் நாஸ் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ‘ஹிம்மத்வாலா’ நாயகியைக் கொண்டாடின கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் பெயர் தெரிந்திருக்கும்?

பிறகு 1989-ல் யஷ் சோப்ராவின் ‘சாந்தினி’. அதில்தான் இந்தியில் முதன்முதலாகத் தன் குரலில் பேசினார். ஒரு பாட்டில் பாடவும் செய்தார். கொஞ்சம் தெற்கத்தி வாடை அடிக்கிற, மெல்லிய, குழந்தைச் சாயல் உள்ள குரல். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர் பின்வாங்கவில்லை. அதே வருஷம் ‘சால்பாஸ்’, 1991-ல் ‘லம்ஹே’. இரண்டுக்கும் பிலிம்பேர் விருது. தமிழில் வாய் திறந்ததும் பேச வந்த ஒருவர், இன்னொரு மொழியில் தன் குரலைத் தானே பேச ஆறு வருஷம் காத்திருந்தார் என்பதை நான் அவருடைய விருதுகளைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மதுரை வாசகர்: ரஜினியோடு நடித்ததில் உங்களுக்குப் பிடித்தது?

‘ஜானி’, 1980, மகேந்திரன். பாடகி அர்ச்சனா. தன் காதலைத் தானே சொல்லிவிட்டு, ஜானி தயங்குவதைப் பார்த்ததும் நான் மேடையில் பாடுகிறவள் என்பதால்தானே என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து உடைந்துபோகிற இடம். பின்னணியில் பெரிதாக எதுவும் இல்லை, இரண்டு பேர், ஒரு அறை. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ம் அதே வருஷம்தான், அதில் கமலோடு. அந்தச் சிப்பி இருக்குது பாட்டில் ஸ்ரீதேவி மெட்டைச் சொல்லிவிட்டு, வார்த்தை வருகிற வரைக்கும் சவால் விடுகிற மாதிரி காத்திருப்பார் இல்லையா, வார்த்தை வந்து விழுந்ததும் கண்ணில் தெரிகிற அந்தத் தோற்றுப்போன சந்தோஷம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வருஷத்தில் இவ்வளவும் செய்தவருக்கு வயது பதினேழு.

திண்டுக்கல் வாசகி: என் மகளுக்கு ஆறு வயது. ஒரு விளம்பரப் படத்தில் நடிக்கக் கேட்கிறார்கள். ஸ்ரீதேவி மாதிரி வருவாள் என்று மாமியார் ஆசைப்படுகிறார். அனுப்பலாமா?

சகோதரி, அனுப்பு, அனுப்பாதே என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அனுப்புவதாக இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீதேவி காலத்தில் இதெல்லாம் கிடையாது, உங்கள் மகளுக்கு இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிற்க வைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளைக்கு மேல் போகக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். குழந்தையின் படிப்பு நிற்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பேரில் தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், மேஜரானதும் அது அவள் கைக்குத்தான் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

இதையெல்லாம் அவர்களிடம் நேராகக் கேளுங்கள். அனுமதி வாங்கிவிட்டீர்களா, காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, ஷூட்டிங்கில் மகள் பக்கத்தில் நீங்கள் இருங்கள், அவள் தூக்கம் வருகிறது என்றால் அதைச் சொல்ல அங்கே உங்களை விட்டால் ஆள் கிடையாது. மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆறு வயதுப் பிள்ளை அவளாகவே வரட்டும், இன்னொருவர் மாதிரி வர வேண்டாம்.

சேலம் வாசகர்: அவர் மரணத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

2018 பிப்ரவரி 24, துபாய். தவறுதலாகக் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார் என்று அங்கே விசாரித்து வழக்கை முடித்துவிட்டார்கள். வயது 54. இதற்கு மேல் சொல்லப்படுவது எதையும் இந்தப் பக்கத்தில் நான் எழுத மாட்டேன்.

சென்னை வாசகி: கல்யாணத்துக்குப் பிறகு பதினைந்து வருஷம் ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்தபோது பயமாக இருந்திருக்காதா? ‘மாம்’ படத்துக்கு விருது கொடுத்தது அனுதாபத்தால் என்கிறார்களே?

1997-ல் ‘ஜுதாயி’. அப்புறம் ஒதுங்கியிருந்துவிட்டு அவர் திரும்பி நடிக்க வந்த படம் 2012-ல் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. நடுவில் ஒரு டி.வி. தொடர், இரண்டு பெண் குழந்தைகள், வீடு. நாலு வயதிலிருந்து விடாமல் வேலை செய்த ஒருவருக்கு முப்பது வயதுக்கு மேல்தான் விடுமுறை கிடைத்தது என்று நான் அதைப் பார்க்கிறேன். தமிழில் இடைவெளி இன்னும் பெரிசு. 1986-ல் ‘நான் அடிமை இல்லை’க்குப் பிறகு நேரடித் தமிழ்ப் படம் என்றால் 2015-ல் ‘புலி’தான், இருபத்தொன்பது வருஷம். பயம் இருந்திருக்குமா என்றால், ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ பார்க்கும்போது அந்தப் பயத்தையே வேஷத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டாரோ என்று தோன்றும்.

‘மாம்’ விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஜூலையில் வந்தது. அவருடைய 300-வது படம், திரைக்கு வந்து ஐம்பது வருஷம் என்று சொல்லி வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்த பிறகு சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. நடுவர் குழுத் தலைவர் சேகர் கபூர், ‘மிஸ்டர் இந்தியா’வில் அவரை இயக்கியவர். கணவரும் மகள்களும் போய் வாங்கினார்கள். அனுதாபம் என்று சொல்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதில் அவர் ஒரு சித்தி. கணவரின் முதல் மனைவி மகள் இவரை அம்மா என்று கூப்பிடவே மாட்டாள், மேடம் என்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கொடுமை நடக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் இவர் அழுகிற அழுகை இருக்கிறதே, அழகாக அழ வேண்டும் என்று கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை நடிகை, முகம் கோணி, மூச்சு வாங்கி, சத்தம் சரியாக வராமல் அழுகிறார். ‘மூன்று முடிச்சு’, ‘மாம்’ இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதாநாயகியாகத் தமிழில் வந்த முதல் படத்தில் பதின்மூன்று வயதில் சித்தி. கதாநாயகியாக நடித்த கடைசிப் படத்தில் ஐம்பத்து மூன்று வயதில் சித்தி. முதல் சித்திக்கு வயதுக்கு மீறின நிதானம் தேவைப்பட்டது, கொண்டுவந்தார். இரண்டாவது சித்தி அந்த நிதானத்தை முழுசாகக் கீழே போட்டுவிட்டாள். விருது அதற்குத்தான்.

பெரம்பலூர் வாசகி: என் மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கு ஸ்ரீதேவி யார் என்றே தெரியாது. ஒரே ஒரு படம் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவீர்கள்?

‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. லட்டு செய்து விற்கிற சசி, இங்கிலிஷ் தெரியாததால் சொந்தப் பிள்ளையே கேலி செய்கிற அம்மா. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது உடனே புரியும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். நியூயார்க்கில் காபிக் கடை வரிசையில் சசி நிற்கிற காட்சி வரும்போது மட்டும் மகளிடம் அவர் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பையைப் பிடித்திருக்கிற விரல்கள் முதலில் நடுங்கும், அப்புறம்தான் குரல் நடுங்கும். ஸ்ரீதேவியின் வேலை இதுதான் என்று சொல்லிக் கொடுக்க அது போதும்.

போகிற விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அவருக்கு உதவி செய்வார், தமிழில் அஜித், இந்தியில் அமிதாப். திரும்பி வருகிற விமானத்தில் பக்கத்தில் உதவிக்கு ஆள் தேவைப்படாது. பேப்பர் கொண்டுவருகிற பெண்ணிடம் தெளிவான இங்கிலிஷில் ஒரு கேள்வி கேட்பார். நான் பார்த்த இந்திப் பதிப்பில் அவர் கேட்டது, இந்திப் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று.